தீபாவளிக்குக் கப்பல் பயணம் தரலாமா?

கேள்வி: இந்தத் தீபாவளிக்குப் புடவை, வேட்டிக்குப் பதிலாக அப்பா அம்மாவைச் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் இரண்டு நாள் அனுப்ப ஆசை. அம்மாவுக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டும். சரியாக வருமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாக அனுப்புங்கம்மா. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலம், வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்கள் அவை. தை, மாசியில் கப்பல் இருக்கிறதா என்று கேளுங்கள். டிக்கெட்டை மட்டும் தீபாவளியன்று தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுங்கள்.

குமட்டலுக்குப் பயப்பட வேண்டாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் பலன் குறைவு.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து என் அம்மாவை 68 வயதில் அப்படித்தான் அழைத்துப் போனேன். பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று பார்க்கிற ஊர் நம்முடையது. அம்மா சாயங்காலம் முழுக்கக் கப்பலின் மேல்தளத்தை விட்டு அசையவில்லை. "கரையே காணோமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால் பணம் மிச்சமாகிறதென்று ஜன்னல் இல்லாத அறையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், ஜிஎஸ்டியும் துறைமுகக் கட்டணமும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைக்குப் போகும் கப்பல் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். காட்பாடியில் காலை ரயிலையே பிடிக்கச் சொல்லுங்கள். கப்பல் கிளம்புவதற்கு வெகு முன்பே, ஏறுவதற்கான பதிவை (செக்-இன்) முடித்துவிடுவார்கள்.