தங்கூசியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மினசோட்டாவில் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஏரியின் பொதுப் படகுத்துறைக்கு மகனுடன் மீன்பிடிக்கப் போகிறேன். கரையெல்லாம் புழு டப்பாவும் அறுந்த தூண்டில் நரம்புமாகக் கிடக்கிறது. நாங்களே சுத்தம் செய்யலாமா? "லைசென்ஸுக்குப் பணம் கட்டுகிறோமே, அரசு பார்த்துக்கொள்ளாதா?" என்கிறார் கணவர்.
– ஒரு வாசகி, மினியாபொலிஸ்

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வாரம் ஒரு காலை இதுதான் வேலை, கையில் ஒரு வாளியுடன். துறை யார் பொறுப்பில் இருக்கிறது என்று வாசல் பலகையில் இருக்கும். மாநில இயற்கை வளத் துறையோ, கவுன்ட்டியோ, நகராட்சியோ, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம். லைசென்ஸ் மட்டுமல்ல, தூண்டில் சாமான்களின் விலைக்குள்ளேயே 10 சதவீத மத்திய வரியும் ஒளிந்திருக்கிறது. 1950-இல் வந்த ஏற்பாடு அது; 1984-இல் படகு எரிபொருள் வரியும் சேர்ந்தது. மாநிலங்களுக்குப் போகும் பங்கில் 15 சதவீதம் படகுத்துறை வசதிகளுக்கு. படகு இறக்கும் கான்கிரீட் சரிவு போட அந்தப் பணம் உதவும். புழு டப்பா பொறுக்க யார் வருவார்கள்? பல துறைகளில் குப்பைத் தொட்டியே கிடையாது.

முதலில் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, எடுங்கள். டப்பா கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான். நரம்பு காலைச் சுற்றும். நம் மாநிலப் பறவையான லூன் அதில் சிக்கினால் மூழ்கி இரை தேட முடியாது. தூண்டில் ஈயக்குண்டை விழுங்கினாலோ நஞ்சேறிச் செத்துப்போகும். கரையோர வில்லோ மரத்தடியில் மண்டியிட்டுப் பாருங்கள்: வேருக்கு வேர் சிலந்தி வலைபோல ஓடும். இழுக்காதீர்கள், மறுமுனையில் கொக்கி இருக்கும். கத்தரியால் சாண் நீளத்துக்கும் குறைவாக நறுக்கி வாளியில் போடுங்கள். சில துறைகளில் நரம்பு போடவே பிளாஸ்டிக் குழாய் நட்டிருப்பார்கள்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் கோடையில் படகு டிரெய்லர்களிலிருந்து விழுந்த நீர்ச்செடிகளை அள்ளி, தோட்டத்துக்கு உரமாகட்டுமே என்று காரில் ஏற்றினேன். அங்கே நின்ற அதிகாரி நல்ல பாட்டு விட்டார். நீர்ச்செடியைச் சாலையில் கொண்டுபோவதே இங்கே குற்றமாம்! அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1989-இல் டுலூத் துறைமுகத்தில் தென்பட்ட ஜீப்ரா மட்டி என்ற அயல்நாட்டுச் சிப்பியினம் இன்று பல ஏரிகளில் பரவிவிட்டது. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. செடியில் ஒட்டியும் படகின் அடியில் தேங்கிய நீரிலும் பயணம் போகும். ஆகவே உதிர்ந்த செடியைத் தண்ணீர் எட்டாத மேட்டில் போடுங்கள். வேரோடு நிற்பதைப் பிடுங்க வேண்டாம். அதற்கு அனுமதி தேவைப்படலாம்.

மகனுக்கு அவன் அளவுக்கே கையுறை வாங்குங்கள். சரிவுப் பக்கம் மட்டும் அவனை விட வேண்டாம்: பாசி வழுக்கும், டிரெய்லரைப் பின்னால் எடுப்பவருக்குக் குனிந்திருக்கும் பிள்ளை தெரியாது.