துறைமுகத்தில் நிற்காமல் போன கப்பல்: தலைக்கு 17 டாலரோடு கதை முடிந்ததா?

கேள்வி: குடும்பமாக நான்கு பேர் ஏழு இரவு உல்லாசக் கப்பல் பயணம் போனோம். அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்ததே மூன்றாம் நாள் வரும் தீவுக்காகத்தான். அன்று காலை ஏழரை மணிக்கு, "காற்று பலமாக இருக்கிறது, இங்கே நிற்கப் போவதில்லை" என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் அதே தீவின் துறையில் வேறொரு கப்பல் கட்டி நிற்கிறது! கடைசி நாள் கணக்கில் தலைக்கு 17 டாலர் வரவு வைத்திருந்தார்கள். தீவில் படகுச் சவாரிக்கு நாங்களே வெளியே புக் செய்து கட்டிய 320 டாலரும் போச்சு. கட்டணத்தில் ஏழில் ஒரு பங்காவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்கு, "ஒப்பந்தத்தைப் படியுங்கள்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. எங்களுக்கு எந்த உரிமையும் இல்லையா?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் துறைமுகங்களுக்குப் பணம் கட்டியதாக நினைக்கிறீர்கள். ஒப்பந்தத்தின்படி நீங்கள் கட்டியது கப்பலில் ஏழு இரவு தங்கிப் பயணம் செய்வதற்கு. எந்தத் துறைமுகத்தையும் விடலாம், மாற்றலாம், நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம், அதற்குக் கட்டுப்பட மாட்டோம் என்ற ஷரத்து இல்லாத கப்பல் ஒப்பந்தத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. விளம்பரத்தில் தீவின் படம் பாதிப் பக்கம் வரும்; இந்த ஷரத்து பொடி எழுத்தில் எங்கோ இருக்கும். உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்த 17 டாலர் இழப்பீடே இல்லை. கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் போனால் தலைவரி, கப்பலை உள்ளே கொண்டுசெல்லும் வழிகாட்டி மாலுமிக்கான கட்டணம், துறைக் கட்டணம் என்று பல தொகைகள் கட்ட வேண்டும். உங்கள் ரசீதில் "வரிகளும் துறைமுகக் கட்டணங்களும்" என்று ஒரு வரி இருக்கும். எல்லா துறைமுகங்களுக்குமான மொத்தம் அது. கப்பல் நிற்காததால் அவர்கள் கட்டாமல் மிச்சமான உங்கள் பங்கைத்தான் திருப்பித் தந்திருக்கிறார்கள். பயணம் கெட்டதற்காக ஒரு பைசாவும் தரவில்லை. அதனால் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டது உங்கள் கோரிக்கையைப் பலவீனமாக்காது. கடிதம் எழுதும்போது இதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள்: "திரும்ப வந்த துறைமுகக் கட்டணத்தை இழப்பீடாக நாங்கள் ஏற்கவில்லை."

சரி, பக்கத்துக் கப்பல் எப்படி நின்றது? எல்லோரையும் கொதிக்க வைப்பது இந்தக் காட்சிதான். ஆனால் வாதமாக இது அநேகமாக எடுபடாது. இன்றைய பெரிய கப்பல் ஒன்று 300 மீட்டருக்கு மேல் நீளம். நீருக்கு மேலே பத்துப் பன்னிரண்டு மாடி எழும்பி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் அது ஒரு இரும்புப் பாய்மரம். 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) வேகக் காற்று பக்கவாட்டில் அடித்தால் தள்ளும் விசை நூறு டன்னைச் சுலபமாகத் தாண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், 20 நாட் காற்றில் லேசாகத் துறையைப் பிடித்த கப்பல் 30 நாட் காற்றில் திணறும். அந்த இன்னொரு கப்பல் சிறியதாக இருந்திருக்கலாம், விடியற்காலையில் காற்று எழும்பும் முன்பே கட்டியிருக்கலாம், அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே இடம் கிடைத்திருக்கலாம். துறையின் திசை காற்றுக்கு நேராக இருந்தாலே நிலைமை வேறு.

தவிர, பாதுகாப்புக்குத் தேவை என்று கேப்டன் எடுக்கும் முடிவில் கப்பல் நிறுவனமே குறுக்கிடக்கூடாது என்று சோலாஸ் என்னும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை, ஐந்தாம் அத்தியாயம் 34-1 ஆம் விதியில் சொல்கிறது. "இவர் ஏன் நிற்கவில்லை" என்று கேப்டனோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அந்த விதி இருப்பது நல்லதும்கூட. 17 டாலருக்காகவோ 1,700 டாலருக்காகவோ அந்த முடிவு மாறுவதை நான் விரும்ப மாட்டேன்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. உண்மையான காரணம் என்ன? அது அவர்களுக்கு எப்போது தெரியும்? பணம் கிடைக்குமா என்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தொங்குகிறது.

காரணம் நிஜமாகவே அன்றைய காற்று என்றால் நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கும். இயந்திரக் கோளாறால் வேகம் குறைந்து, நேரத்தை ஈடுகட்ட ஒரு துறைமுகத்தை வெட்டினார்கள் என்றால் கதை மாறும். கப்பலைச் சரியாக வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு. அப்படிப்பட்ட சமயங்களில் கேட்காமலேயே கட்டணத்தில் ஒரு பங்கையோ அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டையோ நிறுவனங்கள் தருவதுண்டு. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அந்தத் துறைமுகத்துக்குப் போகப் போவதில்லை என்று கப்பல் கிளம்பும் முன்பே தெரிந்திருந்தும், உங்களை ஏற்றிக்கொண்ட பிறகு சொல்வது. இதுதான் உங்களுக்கு மிகவும் வலுவான நிலை.

இதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கு இருக்கிறது. 2013-இல் ஐரோப்பிய நதிகளில் வெள்ளம். சீனிக் டூர்ஸ் நிறுவனத்தின் நதிக்கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியவர்கள் பயணத்தின் பெரும்பகுதியைப் பேருந்தில் கழித்தார்கள். வெள்ளத்துக்கு நிறுவனத்தை யாரும் குறை சொல்லவில்லை. வெள்ளம் என்று தெரிந்தும் பயணிகளிடம் சொல்லாமலும், விலகிக்கொள்ள வாய்ப்புத் தராமலும் பயணத்தை நடத்தியதுதான் தவறாகப் பார்க்கப்பட்டது. வழக்கு அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான உயர்நீதிமன்றம்வரை போய், 2020-இல், கட்டிய பணத்தின் மதிப்புக் குறைவுக்கு மட்டுமல்ல, ஏமாற்றத்துக்கும் இழப்பீடு கேட்கலாம் என்று தீர்ப்பானது. வழக்குத் தொடுத்தவருக்கு ஏமாற்றத்துக்காகக் கிடைத்தது 2,000 ஆஸ்திரேலிய டாலர். ஏழு வருடம் கழித்து என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நீங்கள் டிக்கெட்டை எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. அது முக்கியம், ஏனென்றால் சட்டம் அதைப் பொறுத்து மாறும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரிட்டனிலோ வாங்கியிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் பிடிமானம் உண்டு. அங்கே கப்பல் பயணம் "பேக்கேஜ்" வகையில், அதாவது பல சேவைகளைச் சேர்த்து ஒன்றாக விற்கும் பயணம் என்ற வகையில், வரும். ஒன்றியத்தின் 2015/2302 வழிகாட்டுச் சட்டமும் பிரிட்டனின் 2018 பேக்கேஜ் பயண விதிகளும் இழப்பீட்டையும் விலைக் குறைப்பையும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் என்றால் இழப்பீடு கிடையாது. ஆனால் சொன்னபடி சேவை வராத காலத்துக்கான விலைக் குறைப்புக்கு அந்தச் சாக்கு செல்லாது. 2023 ஜனவரியில் ஒன்றியத்தின் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. கிரான் கனேரியா தீவுக்குப் போன இரண்டு பயணிகள், கோவிட் கட்டுப்பாட்டால் கடற்கரையும் நீச்சல்குளமும் மூடப்பட்டதற்காகத் தொடுத்த வழக்கு அது. மூடியது அரசு, நிறுவனத்தின் தவறில்லை. இருந்தும் விலைக் குறைப்புக் கேட்க உரிமை உண்டு என்றது நீதிமன்றம். அதனால் பணம் கேட்கும் வரியில் "இழப்பீடு" என்ற சொல்லை விட்டுவிட்டு "விலைக் குறைப்பு" என்று எழுதுங்கள். ஒரே சொல்தான், ஆனால் "காற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற ஆயத்தப் பதில் அங்கே நிற்காது. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தை வைத்து அவர்கள் வாதாடத்தான் செய்வார்கள். ஆனாலும் இது பேசக்கூடிய வழக்கு.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கடல்வழிப் பயணிகளுக்கான ஐரோப்பிய ஒழுங்குமுறை 1177/2010-இல் தாமதத்துக்கு 25 சதவீதம், 50 சதவீதம் என்று இழப்பீடு இருக்கிறதே என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பிரிவு ஃபெரிப் பயணிகளுக்கு. உல்லாசக் கப்பல் பயணிகளை அதிலிருந்து பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வாங்கியிருந்தால் நிலைமை கடினம். கூட்டாட்சிக் கடல்சார் ஆணையத்தின் 2022 விதி, பயணமே ரத்தானாலோ கிளம்புவது மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. நடுவில் ஒரு துறைமுகம் விட்டுப்போவது அதில் வராது. 2013-இல் கப்பல் நிறுவனங்களின் சங்கம் வெளியிட்ட பயணிகள் உரிமைப் பட்டியலும், பணத்தைத் திருப்பும் விஷயத்தில், இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தாவது, பாதியில் முடிவது பற்றித்தான் பேசுகிறது. வழக்குப் போடுவதென்றாலும் ஒப்பந்தம் சொல்லும் ஊரில்தான் போட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி இதை எதிர்த்துப் போராடியும், "புளோரிடாவில்தான் வழக்கு" என்ற ஷரத்து செல்லும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நான்கு பேரின் ஒரு நாள் கட்டணத்துக்காக யாரும் அதைச் செய்யப் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும்.

சட்டத்தைவிட உங்களுக்குச் சீக்கிரம் பலன் தரக்கூடியது பயணக் காப்பீடு. சில பாலிசிகளில் "விட்டுப்போன துறைமுகம்" அல்லது "பயணத்திட்ட மாற்றம்" என்று தனி இனம் இருக்கும். வானிலையால் தவறிய ஒவ்வொரு துறைமுகத்துக்கும் குறிப்பிட்ட தொகை தருவார்கள். பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். அப்படி ஒரு இனம் இருந்தால் அவர்கள் முதலில் கேட்பது, எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் எந்தக் காரணத்தால் விடப்பட்டது என்று கப்பல் நிறுவனம் தரும் கடிதம். கப்பலில் இருக்கும்போதே கெஸ்ட் சர்வீசஸ் மேஜையில் கேட்டால் ஒரு பக்கத்தில் அடித்துத் தந்துவிடுவார்கள். இப்போது மின்னஞ்சலில் கேளுங்கள். இழப்பீடு கேட்டால் மூன்று வாரம் பதில் வராது. வெறும் உறுதிக்கடிதம் கேட்டால் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும். அந்தக் கடிதத்தில் அவர்கள் எழுதும் காரணம் பிறகு மாற்ற முடியாத வாக்குமூலமாகவும் ஆகிவிடும்.

கையில் இருக்கும் மற்றவற்றையும் சேர்த்து வையுங்கள். அன்றைய தினசரி நிகழ்ச்சி நிரல் முக்கியம். முதல் நாள் இரவே அறைக்கு வந்த தாளில் "நாளை கடலில்" என்று அச்சாகியிருந்தால், காலை ஏழரைக்குத்தான் முடிவெடுத்தோம் என்ற பேச்சு பொய்த்துவிடும். ஏஐஎஸ் தரவை (கப்பல்கள் தாமாகவே ஒலிபரப்பும் இருப்பிடத் தகவலை) வைத்துக் கப்பல்களின் பழைய நகர்வைக் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. உங்கள் கப்பல் தீவுக்கு அருகே வந்து வேகத்தைக் குறைத்து முயன்றதா, அல்லது இரவிலேயே வேறு பக்கம் திரும்பியதா என்று தெரியும். நீங்கள் பால்கனியிலிருந்து தீவைப் பார்த்திருக்கிறீர்கள் என்பதால், முயன்றிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பிள்ளைகள் அழுததையெல்லாம் எழுத வேண்டாம். முன்பதிவு எண், தேதி, துறைமுகம், அவர்கள் சொன்ன காரணம், அப்புறம் கணக்கு. ஏழில் ஒரு பங்கு என்று கேட்டதால்தான் ஒரு வரிப் பதில் வந்தது என்று நினைக்கிறேன். அன்றும் அறை இருந்தது, மூன்று வேளைச் சாப்பாடு இருந்தது, மாலையில் நிகழ்ச்சி இருந்தது என்று அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. தலைக்குக் கட்டணம் 1,400 டாலர் என்றால் ஒரு நாளுக்கு 200. அதில் பாதி, 100 டாலர் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "மூன்றாம் நாள் துறைமுகம் இந்தப் பயணத்தின் முக்கிய அம்சமாக விளம்பரம் செய்யப்பட்டது. அது இல்லாததால் அன்றைய சேவையின் மதிப்புப் பாதியாகக் குறைந்தது. நால்வருக்கு 400 டாலர் விலைக் குறைப்புக் கோருகிறோம். முடிவெடுத்த நேரத்தையும் காரணத்தையும் எழுத்தில் தெரிவிக்கவும்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

ஏஜென்ட் வழியாக வாங்கியிருந்தால் அவர் மூலமும் அனுப்பச் சொல்லுங்கள். தனிப் பயணியை அலட்சியப்படுத்தும் நிறுவனம், வருடத்துக்கு இருநூறு அறை விற்றுத் தரும் ஏஜென்டை அப்படிச் செய்யாது. தாமதமும் வேண்டாம், கரையிறங்கிய 30 நாளுக்குள் எழுத்தில் புகார் வர வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கிறது. பதிலுக்கு அடுத்த பயணத்துக்கான கிரெடிட் வந்தால், அது எப்போது காலாவதியாகிறது, "இத்துடன் கோரிக்கை முடிந்தது" என்று எதிலாவது கையெழுத்துக் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படகுச் சவாரியின் 320 டாலருக்கு வருகிறேன். இதைக் கப்பல் நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. கப்பல் வழியாகப் புக் செய்திருந்தால் தானாகவே திரும்பியிருக்கும். வெளியே புக் செய்தவர்கள் சவாரி நடத்துபவரிடம்தான் கேட்க வேண்டும். துறைமுகங்களை நம்பித் தொழில் செய்பவர்களில் பலர் "கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப" என்று விதியே வைத்திருக்கிறார்கள். நீங்கள் நேரத்துக்கு வரவில்லை என்று அவர் உங்களை எழுதியிருக்கலாம். கப்பலின் உறுதிக்கடிதத்தை இணைத்து அனுப்புங்கள். அன்று காற்று அவ்வளவு பலம் என்றால் அவருடைய படகே ஓடியிருக்காது. சவாரி நடக்கவில்லை என்றால் அட்டை நிறுவனத்திடம் சார்ஜ்பேக் (அட்டையில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்கவும் நல்ல காரணம் கிடைத்துவிடும்.

அடுத்த முறை ஒரு தீவுக்காகவே கப்பல் ஏறுவதாக இருந்தால், பயணத்திட்டத்தில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் "டெண்டர்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாண்டோரினி, கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் பெரிய கப்பல்கள் துறையில் கட்டுவதில்லை. வெளியே நின்றுகொண்டு சிறு படகுகளில் ஆட்களை இறக்குகிறார்கள். கப்பல் அசையாமல் நின்றாலும், படகில் கால்வைக்கும் மேடை அலையில் ஒரு மீட்டர் ஏறி இறங்கினால் அன்றைக்கு யாரையும் இறக்க மாட்டார்கள். அந்தத் தீவுதான் முக்கியம் என்றால் விமானத்தில் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வாருங்கள் என்பேன்.