அந்த கேபிளுக்குள்ள இருக்கிற கள்ளக் கம்பி

அன்புள்ள சார்,

நான் மும்பை செம்பூர். போன மாசம் நியூஜெர்சில பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்ப மாப்பிள்ளை நியூயார்க் ப்ரூக்ளின் பிரிட்ஜுக்கு கூட்டிட்டுப் போனார். நடுப்பாலத்துக்கிட்ட அந்தப் பெரிய கேபிள் நடைபாதை உயரத்துக்கே இறங்கி வருது, கிட்டக்க பாத்தா ஒரே இரும்பு உருளை மாதிரி இருக்கு. கைடு பொண்ணு, இந்தப் பாலத்த கட்டினதே எமிலின்னு ஒரு பொம்பளைதான்னு சொல்லுச்சு. மாப்பிள்ளை அதெல்லாம் சும்மா கத அத்தைங்கறார். எது நெசம்? நம்ம பாந்த்ரா-வொர்லி கடல் பாலம் சீ லிங்க்கும் இதே டைப்தானா?

*

அன்புள்ள அம்மா,

கைடு கொஞ்சம் கூட்டிச் சொல்லிருக்கு, ஆனா மாப்பிள்ளை சொல்றதுதான் ரொம்பத் தப்பு.

பாலத்துக்கு டிசைன் போட்டது ஜான் ரோப்ளிங். 1869ல படகுத்துறைல நின்னு எடம் பாத்துட்டு இருக்கையில ஃபெர்ரி வந்து இடிச்சு கால் விரல் நசுங்கி, டெட்டனஸ் வந்து சில வாரத்துலயே போயிட்டார். பொறுப்பு மகன் வாஷிங்டன் தலைல, அவருக்கு அப்ப 32 வயசு. பாலத்தோட கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட, ஆத்துக்கடில ராட்சச மரப்பெட்டிய கவுத்துப் போட்டு, தண்ணி உள்ள வராம காத்த அழுத்தி அடைச்சு, அதுக்குள்ள ஆளுங்க எறங்கி மண்ணு அள்ளினாங்க. அந்த அழுத்தத்துலேந்து சட்டுனு மேல ஏறி வந்தா சோடா பாட்டில் தெறந்த மாதிரி ரத்தத்துல நைட்ரஜன் குமிழ் கெளம்பும், மூட்டு முறுக்கும், சில பேர் செத்தே போனாங்க. அதனால நியூயார்க் பக்கம் 78 அடி ஆழத்துல, பாறை தட்டுப்படாமலே, கெட்டியான மணல்லயே போதும்னு வாஷிங்டன் நிறுத்திட்டார். இன்னும் தோண்டினா இன்னும் எத்தன பேர் சாவாங்கன்னு கணக்குப் பாத்து நிறுத்தினார் பாருங்க, அந்த முடிவுக்காகவே அந்த மனுஷன எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த கோபுரம் இன்னிக்கும் மணல் மேலதான் நிக்குது. ஆனா 1872ல அதே வியாதி அவரையும் படுக்க வெச்சிடுச்சு.

வாஷிங்டனோட மனைவி எமிலி வர்றது இங்கதான். அவர் மூளை தெளிவாத்தான் இருந்துச்சு, ஒடம்புதான் ஒத்துழைக்கல, கண்ணு வேற மங்கிடுச்சு. அவர் சொல்லச் சொல்ல அந்தம்மா எழுதினாங்க, சைட்டுக்குப் போனாங்க, இன்ஜினியருங்க கிட்ட பேசினாங்க, அதிகாரிங்களுக்கு பதில் சொன்னாங்க. வெறும் தூது மட்டும் இல்ல, கணக்கு, கேபிள் வளைவு, எந்தப் பொருள் எவ்வளவு தாங்கும்னு எல்லாம் உக்காந்து படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல இப்படியே ஓடுச்சு. 1883ல வண்டில பாலத்த மொதல்ல கடந்ததும் அவங்கதான், மடில வெற்றிக்கு அடையாளமா ஒரு சேவல். தனியா கட்டினாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா அவங்க இல்லன்னா பாலம் பாதில நின்னுருக்கும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

நீங்க பாத்தது ஒரே உருளை இல்லம்மா. உள்ள ஐயாயிரத்துக்கு மேல கம்பி, ஒவ்வொண்ணும் பென்சில விட மெலிசு, துருப்பிடிக்காம துத்தநாகம் பூசினது, முறுக்காம பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சு மேல கம்பி சுத்திருக்காங்க. 1878ல என்ன ஆச்சுன்னா, கம்பி சப்ளை பண்ண கான்ட்ராக்டர் நல்ல கம்பிய காட்டி பாஸ் வாங்கிட்டு, வழில வண்டிய ஒதுக்கி நிறுத்தி, கழிச்சுக் கட்டின கம்பிய ஏத்தி அனுப்பிட்டு, அந்த நல்ல கம்பியவே திருப்பிக் கொண்டு போயி மறுபடி டெஸ்ட்டுக்கு வெச்சிருக்கார்! கண்டுபிடிக்கறதுக்குள்ள நிறைய கள்ளக் கம்பி கேபிள்ல ஏறிடுச்சு, பிரிச்சு எடுக்கவும் வழியில்ல. வாஷிங்டன் மொதல்லயே தேவைக்கு ஆறு மடங்கு பலம் வர்ற மாதிரி கணக்குப் போட்டு வெச்சிருந்ததால பொழச்சுது. கேபிளுக்கு 150 கம்பி கூடுதலா போடச் சொல்லி வேலைய தொடர வெச்சார். அந்தக் கள்ளக் கம்பி இன்னும் உள்ளயேதான் இருக்கு, நீங்க பாத்த அதே கேபிள்ல.

சீ லிங்க் வேற டைப். ப்ரூக்ளின்ல கோபுரத்துக்குக் கோபுரம் பெரிய கேபிள் கொடி மாதிரி தொங்குது, அதுலேந்து சின்னக் கயிறு எறங்கி ரோட்ட பிடிச்சிருக்கு, கொடில துணி தொங்குற கணக்குதான். 2009ல தெறந்த நம்மளதுல கொடியே கிடையாது, கோபுரத்துலேந்து கேபிள் சாய்வா நேரா வந்து ரோட்ட தாங்குது. அதுல நடக்க விடமாட்டாங்க, எனக்கு அது பெரிய குறைதான், அதனால வொர்லி சீஃபேஸ்ல நின்னுதான் பாக்கணும்.

ஆனா ஒரு விஷயம். ப்ரூக்ளின் கோபுரத்துக்கிட்ட எடுத்த போட்டோ இருந்தா பெருசு பண்ணிப் பாருங்க. நேரா தொங்குற கயிறுங்களுக்கு குறுக்க, வலை பின்னின மாதிரி, கோபுர உச்சிலேந்து விசிறியா சாய்ஞ்சு வர்ற கயிறும் தெரியும். ரோப்ளிங் எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டையும் சேத்துக் கட்டினார். அந்த சாய்ஞ்ச கயிறு மட்டும்தான் நம்ம சீ லிங்க்ல இருக்கு. மாப்பிள்ளைக்கும் ஃபோன்ல காட்டுங்க.