மகள் அனுப்பிய கல்சியம் போத்தல்

கேள்வி: எனக்கு 56 வயது, கோப்பாயில் இருக்கிறேன். தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்வதால் ஒன்பது வருடமாகத் தைரொக்சின் குளிசை எடுக்கிறேன். கனடாவிலிருந்து மகள் எலும்புக்கு நல்லதென்று கல்சியம் குளிசை அனுப்பினாள். ஆறு மாதமாக இரண்டையும் காலையில் பால்தேத்தண்ணியோடு சேர்த்தே விழுங்குகிறேன். போன கிளினிக்கில் இரத்தத்தில் ரி.எஸ்.எச். (தைரொக்சின் போதாவிட்டால் ஏறும் ஓமோன்) கூடிவிட்டதென்று தைரொக்சினை 75இலிருந்து 100 மைக்ரோகிராம் ஆக்கிவிட்டார்கள். கல்சியத்தை நிறுத்தவா? எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு கூட. அதுவும் காரணமா?

பதில்: அம்மா, தண்ணீரை விடுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறும் கிணறுகள், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். ஆனாலும் குளிசை விழுங்கக் குடிக்கும் ஒரு கிளாஸ் தண்ணீரில் இருக்கும் கல்சியம், மகள் அனுப்பிய குளிசையோடு பார்த்தால் மிகக் கொஞ்சம்.

வில்லங்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கியதில்தான். குடலில் கல்சியம் தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட பங்கு இரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். பால்தேத்தண்ணியும் அதற்குத் துணைபோயிருக்கும். ஒருநாளும் தவறாமல் குளிசை எடுத்தும் ரி.எஸ்.எச். ஏறியதற்கு இது காரணமாக இருக்கலாம்.

விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் தைரொக்சினைத் தண்ணீரோடு மட்டும் எடுங்கள். தேத்தண்ணியோ கோப்பியோ குறைந்தது அரை மணி நேரம் கழித்து. ஒரு மணி நேரம் பொறுத்தால் இன்னும் நல்லது. கல்சியத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஆகவே அதை மத்தியானச் சோற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். போத்தலில் கல்சியம் காபனேற்று என்று இருந்தால் சாப்பாட்டோடு எடுக்கும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். இரும்புச்சத்துக் குளிசைக்கும், நெஞ்செரிவுக்குச் சப்பும் குளிசைக்கும் இதே நான்கு மணி நேரம்தான்.

எனக்குக் கவலை வேறொன்றில். கல்சியம் எடுப்பதைக் கிளினிக்கில் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. சொல்லாதிருந்தால், வைத்தியர் உங்களுக்கு 75 போதவில்லை என்றுதான் நினைத்திருப்பார். இனி நேரத்தைப் பிரித்து எடுக்கும்போது 100 முழுதாக உடம்பில் சேர்ந்து, அளவுக்கு மிஞ்சியும் போகலாம். தைரொக்சின் நெடுநாள் மிஞ்சினால் எலும்பு தேயும். எலும்புக்கென்று மகள் ஆசையாக அனுப்பியது அந்த எலும்புக்கே வினையாகக் கூடாது, அம்மா.

அதற்காக நீங்களாகவே 75க்குத் திரும்பவும் வேண்டாம். இந்தக் கிழமையே போத்தலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கல்சியம் உங்களுக்குத் தேவையா, எவ்வளவு என்பதையும் அவரே சொல்லட்டும். நேரத்தை மாற்றி ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குப் பிறகு ரி.எஸ்.எச். பார்த்தால்தான் சரியான நிலை தெரியும். அதற்கிடையில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நித்திரை வராமை என்று ஏதும் வந்தால், கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.