எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாத தோழி

கேள்வி: எங்களுக்குச் சேலம் அம்மாபேட்டை. மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு வருடமாகக் கை கழுவுவது கூடிக்கொண்டே போய், இப்போது பாத்ரூமுக்குள் போனால் முக்கால் மணி நேரம் ஆகிறது. விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. கழுவிவிட்டு வந்து, ‘அம்மா, கை சுத்தமா இருக்கா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, காரணமும் சொல்வதில்லை. அவள் அப்பா ஒருநாள் கோபத்தில் டேங்க் வால்வை மூடிவிட்டார். அன்று இரவு முழுக்க அழுதாள். டாக்டரிடம் காட்டினோம். ஓ.சி.டி. என்று சொல்லி மாத்திரை தந்தார். இதே பிரச்சினை உள்ள பிள்ளைகளோடு குழு சிகிச்சைக்கும் வரச் சொல்கிறார். மற்றவர்களைப் பார்த்து இவளுக்குப் புதிதாக ஏதாவது ஒட்டிக்கொள்ளாதா? நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு என்னாகும்? பள்ளித் தோழி ஒருத்திக்கு மட்டும் விஷயம் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கும் வாட்ஸ்ஆப்பில் அவளிடம் இதே கேள்விதான். அந்தப் பெண்ணும் பாவம், சலிக்காமல் பதில் போடுகிறாள். அந்தச் சகவாசத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: குழு சிகிச்சைக்கு அனுப்புங்கள். தோழியை விலக்காதீர்கள். அந்தப் பெண் உதவும் விதத்தை மட்டும் மாற்ற வேண்டும். உங்கள் உதவியையும்தான். இது மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓ.சி.டி.யை எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்கிறோம். வாழ்நாளில் நூறு பேரில் ஓரிருவருக்கு வருகிறது. அதில் பலருக்கும் பள்ளி வயதில்தான் தொடங்குகிறது. உங்கள் மகளுக்குக் கை சுத்தமாக இருப்பது தெரியாமல் இல்லை. ‘ஒருவேளை இல்லாவிட்டால்?’ என்ற எண்ணம்தான் அவளை விடுவதில்லை. அந்தப் பதற்றம் தாங்காமல் கழுவுகிறாள். கழுவியதும் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் சந்தேகம். சொறிந்தால் சுகமாக இருக்கிறது, ஆனால் சொறியச் சொறியப் புண் ஆறுவதில்லை. அது போலத்தான் இதுவும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ‘சுத்தமாத்தான் இருக்கு கண்ணு’ என்று நீங்கள் சொல்கிறீர்களே, அதுவும் இன்னொரு முறை சோப்பு போட்டது மாதிரிதான். தோழி ராத்திரியில் அனுப்பும் பதிலும் அதே சோப்புதான். பிள்ளை படும் பாட்டைப் பார்க்க முடியாமல், அன்பினால்தான் சொல்கிறீர்கள். ஆனால் கேட்டால்தான் நிம்மதி கிடைக்கும் என்று அவள் மனம் பழகிப்போகிறது.

அப்பா வால்வை மூடிய விஷயத்துக்கு வருகிறேன். 1966-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் கிட்டத்தட்ட இதையே செய்தார். அழுக்குப் பயத்தால் ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியையின் அறையில் குழாய் அடைக்கப்பட்டது. அவர் பயந்த பொருட்களைத் தொடச் சொல்லி, கழுவாமல் இருக்கப் பழக்கினார்கள். பயப்படுவதை எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் தாங்குவது என்ற இன்றைய சிகிச்சைக்குத் தொடக்கம் அதுதான். அப்படியானால் அவள் அப்பா செய்தது சரியா? இல்லை. அந்த ஆசிரியை சிகிச்சைக்கு வந்தவர். அவர் விழித்திருந்த நேரம் முழுக்க நர்ஸ்கள் கூடவே இருந்தார்கள். உங்கள் மகள் அன்று இரவு தண்ணீரும் இல்லாமல், துணையும் இல்லாமல் தனியாகக் கிடந்திருக்கிறாள். இப்போது சிகிச்சை தரும் நாங்கள் குழாயை அடைப்பதும் இல்லை. எதை முதலில் எதிர்கொள்வது, எதைக் கடைசியில் என்று பிள்ளையே வரிசை போட, எளிதானதிலிருந்து படிப்படியாக ஏறுகிறோம். ஆனால் கூட ஒருவர் இருக்க வேண்டும் என்பது மட்டும் அன்று போலவே இன்றும் மாறவில்லை.

குழு சிகிச்சையின் பலமே இந்தத் துணைதான். பதின்வயதுப் பிள்ளைகள் ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றோ இரண்டோ சிகிச்சையாளர்கள், வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், சுமார் மூன்று மாதம் என்பது வழக்கமான அமைப்பு. சும்மா வட்டமாக உட்கார்ந்து கஷ்டத்தைச் சொல்லி அழுவது அல்ல. ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கான பயிற்சியை அங்கேயே, மற்றவர்கள் பார்க்கச் செய்கிறார்கள். வீட்டில் செய்தது, செய்ய முடியாமல் போனது, இரண்டையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

நாங்கள் நடத்திய ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன், யாருடைய அடையாளமும் தெரியாதபடி. கடைசிக் கட்டப் பயிற்சிகளில் ஒன்றாகப் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துப்போனோம், வேனில் இல்லை, கூட்டமான பஸ்ஸில். இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நின்றுகொண்டு வருபவர் கம்பியைப் பிடிக்காமல் முடியவே முடியாது. ஆயிரம் பேர் பிடித்த கம்பி, வியர்வைப் பிசுக்கு வேறு. அழுக்குப் பயம் உள்ள ஒரு பெண் முதல் சில வளைவுகளில் சுடிதார் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தாள். பக்கத்தில் நின்ற பையனுக்கு வேறு தொந்தரவு, எதையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். வளைவு எண் எழுதிய பலகைகளைப் பார்க்காமல் வருவதுதான் அவனுக்குப் பயிற்சி. ‘நான் போர்டைப் பாக்கல, நீ துணியை எடு’ என்றான். அவள் உடனே எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, வெறுங்கையால் பிடித்தாள். முகமெல்லாம் வெளுத்து, பதற்றம் பத்துக்கு ஒன்பது என்றாள். மேலே போய்ச் சேரும்போது ஐந்து என்றாள். இன்னொரு பையன் நடுவழியிலேயே சானிடைசரை எடுத்துப் பூசிக்கொண்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. ‘இறங்கும்போது பூசாம பாரு’ என்றதோடு சரி. ஏரிக்கரையில் எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டார்கள். அந்தப் பெண் பாதி பஜ்ஜி சாப்பிட்டாள். அந்தப் பாதியும் பெரிய விஷயம்தான்.

இதே கம்பியை ‘பிடிம்மா, ஒண்ணும் ஆகாது’ என்று நான் சொல்லியிருந்தால் பிடித்திருப்பாளா என்பது சந்தேகம். ஒன்றும் ஆகாது என்று வீட்டில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். தன்னைப் போலவே பயப்படும் ஒருவன், தன் பயத்தோடு பக்கத்தில் நின்று கேட்கும்போதுதான் அது வேறாகக் காதில் விழுகிறது.

உணவுக்கு முன் சோப்பு போட்டு ஒருமுறை, இருபது விநாடி கை கழுவுவதை எந்தச் சிகிச்சையும் தடுக்காது. எல்லோரும் கழுவும் அளவுக்கு அவளும் கழுவினால் போதும் என்பதுதான் இலக்கு. பயணம் போகையில் எத்தனையோ பேர் கழுவாமல் பஜ்ஜி சாப்பிடுகிறோம், அதை ஒருநாள் ஏற்காட்டில் அந்தப் பெண்ணும் செய்து பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். இது தொற்றுநோய் இல்லை. இன்னொரு பிள்ளையின் பயத்தைக் கேட்டு, ‘எனக்கும் அப்படி வந்துவிடுமோ’ என்று சிலருக்குக் கொஞ்ச நாள் உறுத்துவது உண்டு. அதை அடுத்த வாரம் குழுவிலேயே சொல்லச் சொல்லுங்கள், அதையும் மற்றப் பயங்களைப் போலவே கையாள்வார்கள். அதற்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருந்தால் நஷ்டம்தான் அதிகம்.

கோயில் விஷயத்தில் எனக்கு ஒரு யூகம் இருக்கிறது. யூகம்தான், அவளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். இந்த நோயில் சிலருக்குச் சாமி முன்னால் நிற்கும்போது ஆபாசமான, கேவலமான எண்ணங்கள் தாமாக வந்து விழும். பக்தி இல்லாததால் அல்ல, சாமி மேல் பயமும் மதிப்பும் இருப்பதால்தான் அந்த எண்ணம் அவ்வளவு சுடுகிறது. 1978-ல் ராக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் நோய் எதுவும் இல்லாதவர்களையும் கேட்டுப் பார்த்தார்கள். இதே மாதிரி விபரீத எண்ணங்கள் அவர்களில் பெரும்பாலோருக்கும் வந்து போகின்றன என்று தெரிந்தது. மற்றவர்கள் ‘ச்சீ’ என்று விட்டுவிடுகிறார்கள், இந்தப் பிள்ளைகளால் விட முடிவதில்லை. இதை அம்மாவிடம் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? குழுவில் வேறொரு பிள்ளை இதைச் சத்தமாகச் சொல்லும் நாளில், தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை சட்டென்று நிமிர்ந்து பார்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் கோயிலுக்கு வற்புறுத்தாதீர்கள். பரிகாரம், மந்திரிப்பது என்றும் கிளம்ப வேண்டாம். தான் பாவம் செய்துவிட்டோம் என்ற பயத்தை அது இன்னும் கூட்டும்.

கல்யாணக் கவலை. குழுவில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது முதல் நாளே எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விதி. அங்கே வரும் மற்றக் குடும்பங்களுக்கும் உங்களைப் போலவே மானம் உண்டு, அவர்களும் காப்பாற்றுவார்கள். ஆனால் ஒன்று சொல்ல அனுமதியுங்கள் அம்மா. 16 வயதில் சிகிச்சை எடுத்த பெண்ணாக 25 வயதில் இருப்பதற்கும், மறைத்து வைத்து முற்றிப்போன நோயோடு புகுந்த வீட்டுக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் குடும்பம் குடும்பமாகப் பார்த்தவன்.

சரி, அந்தத் தோழி. உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரவு அவள். இந்த நோய் பிள்ளைகளை முதலில் பிரிப்பது நண்பர்களிடமிருந்துதான். சேர்ந்து சாப்பிட முடியாது, தோளில் கை போட விட முடியாது, எங்கேயும் நேரத்துக்குப் போக முடியாது. இவ்வளவுக்கும் பிறகு ஒருத்தி நிற்கிறாள் என்றால் விடக் கூடாது. மகளையும் அவளையும் சேர்த்து உட்காரவைத்து, மகள் வாயாலேயே ஓர் ஒப்பந்தம் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் சிகிச்சையாளர் முன்னால். கேள்வி வரும்போது தோழி இப்படிச் சொல்லலாம்: ‘அது ஓ.சி.டி. கேக்குற கேள்விடி. அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனா போனை வைக்க மாட்டேன், பேசிட்டே இரு.’ அப்புறம் வேறு பேச்சு. கெமிஸ்ட்ரி டெஸ்ட், வகுப்பு வம்பு, சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடப் போவது, எதுவானாலும் சரி. முதல் சில நாட்கள் மகளுக்குக் கோபம் வரும், அழுவாள். இருவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தப் பெண்ணுக்கும் 16 வயதுதான் என்பதை மறக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் அவள் தூங்கட்டும். அவள் காவல்காரி அல்ல, சிகிச்சையாளரும் அல்ல. அவளால் தாங்க முடியாத எதையாவது உங்கள் மகள் சொன்னால் உடனே உங்களிடம் வந்து சொல்லலாம் என்ற உரிமையை நீங்களே அவளுக்குக் கொடுங்கள்.

வீட்டில் நீங்களும் இதையேதான் செய்ய வேண்டும், ஆனால் திடீரென்று அல்ல. ‘இந்த வாரம் ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் பதில் சொல்வேன்’ என்று அவளோடு பேசி முடிவு செய்து, வாரா வாரம் குறையுங்கள். ‘உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, நான் பக்கத்துலதான் இருக்கேன்’ என்று சொல்லலாம், சுத்தமா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் வேண்டாம். அவள் அப்பாவிடம் வால்வைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். அன்று மூடியதற்காக அவர் மகளிடம் வருத்தப்பட்டு இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது. கை வெடிப்புக்கு இப்போதைக்கு வாசலின் தடவலாம். சீழ் வைத்தால் காட்டிவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்த வயதில் பெரும்பாலும் ஃப்ளூவாக்ஸிடின், செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸமின் இவற்றில் ஒன்றைத்தான் தருவோம். போதைப் பழக்கம் ஆகாது. பலன் முழுதாகத் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும், பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். மாத்திரையும் இந்தப் பயிற்சியும் சேரும்போது, தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் கூடுதல் என்பதைப் பிள்ளைகளிடமே நடத்திய 2004-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆரம்ப வாரங்களில் அல்லது டோஸ் மாற்றும்போது வழக்கத்துக்கு மாறான பரபரப்போ, சாவதைப் பற்றிய பேச்சோ தெரிந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அவள் பள்ளிக்கே போவதை நிறுத்திவிட்டாலோ, சாப்பாடு தூக்கம் கெட்டு எந்நேரமும் சோர்ந்து கிடந்தாலோ, குழுவுக்கு முன் தனியாகச் சில வாரம் சிகிச்சை தேவைப்படலாம். அதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். செலவு ஒரு காரணமாக இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓ.சி.டி.க்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. ராத்திரியில் அவள் உடைந்துபோய், உங்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸைக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். குழுவின் முதல் நாள் வாசல்வரை தோழியும் வரலாமா என்று மகள் கேட்டால், வரட்டும். உள்ளே மட்டும் அவள் தனியாகப் போகட்டும்.