மாமியார், இரண்டு பிள்ளைகள், பத்து நாள் ஸ்பெயின்: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "மே மாதம் நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், 68 வயது மாமியார் என ஐந்து பேரும் பத்து நாள் வெளிநாடு போக இருக்கிறோம். எங்களுக்கு ஸ்பெயின் மேல்தான் ஆசை. மகள் எந்நேரமும் ஃபிளமெங்கோ நடன வீடியோவும் கையுமாக இருக்கிறாள். ஆனால் ஏஜென்ட், 'ஸ்பெயின் மட்டும் என்று தனியாகப் போனால் விசா கிடைப்பது கஷ்டம். பாரிஸ் 3 நாள், சுவிஸ் 4 நாள், ஸ்பெயின் 3 நாள் என்று பேக்கேஜ் எடுங்கள். ஸ்பெயின் விசாவுக்கு நான் கேரண்டி' என்கிறார். மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். ஏழரைக்குச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். அங்கே இரவுச் சாப்பாடே ஒன்பதுக்குத்தான் ஆரம்பிக்குமாமே? உள்ளூர் மக்கள் வாழ்வதைப் பார்க்க வேண்டும் என்ற எங்கள் ஆசை நடக்குமா?"

நடக்கும். ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில்தான் நடக்காது. மூன்று நாள் ஸ்பெயின் என்பதில் வந்து இறங்குவதும் கிளம்புவதும் போக மிஞ்சுவது ஒன்றரை நாள். அதையும் பஸ்ஸில் உட்கார்ந்தே கழிப்பீர்கள். சாப்பாடு இந்தியன் ரெஸ்டாரண்டில், பேச்சுத் துணை அதே பஸ்ஸில் வந்த நம் ஊர்க்காரர்கள். பிறகு உள்ளூர் மக்களை எங்கே பார்ப்பது?

முதலில் விசா. இந்த 'கேரண்டி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகம். நீங்கள் போய் விரல்ரேகை கொடுக்கிற மையம், காகிதங்களை வாங்கி அனுப்பி வைக்கிற இடம் மட்டும்தான். அந்த மையத்துக்கே இல்லாத அதிகாரம் உங்கள் ஏஜென்டுக்கு எங்கிருந்து வந்தது? ஸ்பெயின் மட்டும் போனால் விசா கிடைக்காது என்பதும் கட்டுக்கதை. ஒரே நாடு, தெளிவான திட்டம் என்றால் அதிகாரிக்கும் படிக்கச் சுலபம்.

அவர் போட்ட திட்டத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்புக்கு ஷெங்கன் என்று பெயர். அதன் விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். சுவிஸ் 4, ஸ்பெயின் 3 என்றால் சுவிட்சர்லாந்திடம் கேட்க வேண்டிய விசா அது. ஸ்பெயின் விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது என்பதற்காக அங்கே போடுகிறார். அப்படியானால் தூதரகத்துக்கு ஒரு திட்டம், உங்களுக்கு ஒரு திட்டம் என்று இரண்டு தயாரிக்கப் போகிறார் என்று அர்த்தம். கையெழுத்து போடப்போவது நீங்கள், அவரல்ல.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை எத்தனை முறை விளக்கினாலும் குழப்பிக்கொள்கிறார்கள், பொறுமையாகப் படியுங்கள். இரண்டு நாடுகளில் சம அளவு நாட்கள் தங்கினால், முதலில் நுழைகிற நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். உதாரணமாக ஸ்பெயின் 5 நாள், போர்ச்சுகல் 5 நாள், லிஸ்பனில் போய் இறங்குகிறீர்கள் என்றால் போர்ச்சுகல் விசா. இந்த 'முதலில் நுழைகிற நாடு' என்பது நாட்கள் சமமாக இருக்கும்போது மட்டும் வருகிற கேள்வி. திருச்சியிலிருந்து ஸ்பெயினுக்கு நேர் விமானம் கிடையாது. நீங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறினால் பாஸ்போர்ட் சோதனை ஜெர்மனியில்தான் நடக்கும். உடனே 'அப்படியானால் ஜெர்மனி விசா எடுக்க வேண்டுமா' என்று பயப்படுவார்கள், அந்தப் பயத்தை ஏஜென்டும் ஊதிவிடுவார். வேண்டாம். பத்து நாளும் ஸ்பெயினில் தங்கினால் ஸ்பெயின் விசாதான், வழியில் எங்கே விமானம் மாறினாலும் சரி. துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தப் பேச்சே இல்லை. இரண்டு நாடு பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஸ்பெயினில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள், கணக்கு முடிந்தது.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45. மகளுக்கு 13 ஆகிவிட்டதால் முழுக் கட்டணம், மகனுக்குப் பாதி. ஐந்து பேருக்கும் சேர்த்து 405 யூரோ, அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். இரண்டுக்கும் ரசீது உண்டு. மையத்துக்குப் போவதற்கான நேரத்தை, அதாவது 'ஸ்லாட்' பிடித்துத் தருகிறேன், தலைக்கு இவ்வளவு என்று ரசீது இல்லாமல் கேட்டால் அது யாரோ ஒருவர் பாக்கெட்டுக்குப் போகிற பணம். இந்த நேர ஒதுக்கீட்டு முறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். சாதாரணக் குடும்பம் நள்ளிரவில் உட்கார்ந்து தேடினால் ஓர் இடமும் இருக்காது. அதே தேதி மறுநாள் காலை யாரோ ஒருவரிடம் விலைக்குக் கிடைக்கும். எல்லோருக்கும் தெரிந்த கூத்து இது, கேட்கத்தான் நாதியில்லை. உங்களால் ஆகக்கூடியது ஒன்றே: முந்திக்கொள்ளுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். மே பயணத்துக்கு ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். கோடை விடுமுறைக் கூட்டம் மார்ச்சில்தான் விழித்துக்கொள்ளும்.

இன்னொன்று, 'டம்மி டிக்கெட், டம்மி ஓட்டல்'. ரத்து செய்யக்கூடிய உண்மையான முன்பதிவு வேறு, கணினியில் வரைந்த போலிக் காகிதம் வேறு. முன்னதில் தவறில்லை, பின்னது பிடிபட்டால் மறுப்பு. கட்டிய பணமும் திரும்பாது. அந்த மறுப்பு ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினிப் பதிவில் 5 ஆண்டு கிடக்கும், மகள் பிறகு ஜெர்மனியில் படிக்கப் போனாலும் கண்ணில் படும். அதேபோல பேங்க் ஸ்டேட்மென்ட் எடுப்பதற்கு முந்தைய வாரம் மாமாவிடம் கடன் வாங்கி ஐந்து லட்சத்தைக் கணக்கில் போடாதீர்கள். அது திடீரென வந்த பணம் என்பது அவர்களுக்குப் பார்த்தவுடனே தெரியும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மாமியாருக்கு ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதைச் சொல்லியே எடுங்கள். மறைத்து எடுத்த பாலிசி விசாவுக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது.

சரி, மாமியார் விஷயத்துக்கு வருவோம். ஸ்பெயின் வரைபடத்தில் லண்டனுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆனால் 1940-லிருந்து அந்த நாட்டுக் கடிகாரம் பெர்லின் நேரத்தைக் காட்டுகிறது. அதனால் மே மாதத்தில் மாட்ரிட்டில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் மிச்சமிருக்கும். அவர்கள் தாமதமாகச் சாப்பிடுகிறார்கள் என்று நாம் சொல்வதில் பாதி, கடிகாரம் செய்கிற கோளாறு. அந்த ஊர்ச் சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே பெரிய சாப்பாடே மதியம் 2 மணிக்குத்தான். வேலை நாட்களில் பல உணவகங்களில் 'மெனு டெல் தியா' என்று ஒரு மதிய செட் சாப்பாடு இருக்கும். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, இனிப்பு எல்லாம் ஒரே விலையில் வரும். அலுவலகம் போகிறவர்களும் கட்டட வேலைக்காரர்களும் பக்கத்து மேசையில் சாப்பிடுவார்கள். நீங்கள் தேடுகிற உள்ளூர் வாழ்க்கை அங்கே இருக்கிறது. பிறகு எல்லோரும் ஒரு தூக்கம் போடுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்கு எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியான சுர்ரோவும் கெட்டியான சாக்லேட்டும். மாட்ரிட்டில் சான் கினெஸ் என்ற சாக்லேட் கடை 1894-லிருந்து இருக்கிறது. ஏழரைக்கு மாமியாருக்கு அறையிலேயே தயிர்சாதம். அதற்காகத்தான் ஓட்டல் வேண்டாம், அடுப்பு உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள் என்கிறேன். தெற்கு ஸ்பெயினில் செவில், கோர்டோபா நகரங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே தயிர் வாங்கி வையுங்கள்.

சைவம் பற்றி ஓர் எச்சரிக்கை. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடை இறைச்சியான ஹமோனையும் சூரை மீனையும் அவர்களில் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சாலட் கேட்டால் மேலே சூரை மீன் வரும். வதக்கிய பச்சைக் காயில் ஹமோன் துண்டு கிடக்கும். ஆகவே ஹமோன் வேண்டாம், சூரை வேண்டாம், முட்டை வேண்டாம் என்று தனித்தனியாக ஸ்பானிஷில் ஒரு அட்டையில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். மாமியாருக்குப் பிடிக்கக்கூடியது செவிலின் கொண்டைக்கடலை பசலைக்கீரை, எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் என்று கேளுங்கள். சீரகம் போட்டிருப்பார்கள், வீட்டுக் கூட்டு மாதிரியே இருக்கும். கோர்டோபாவில் தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், எங்கேயும் தக்காளி தேய்த்த ரொட்டி, குளிர்ந்த தக்காளி சூப் கஸ்பாச்சோ. பொல்வொரோன், மன்டெகாடோ என்ற மாவு இனிப்புகளை மட்டும் தொட வேண்டாம், வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில் செய்வது.

எங்கே போவது? பார்சிலோனாவை இந்த முறை விட்டுவிடுங்கள், மகன் கோபித்தாலும் பரவாயில்லை. மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட் ஸ்டேடியத்தைக் காட்டிச் சமாதானம் செய்யலாம். மாட்ரிட் 3 இரவு, கோர்டோபா 2, செவில் 3, கடைசியாக கிரனடா போதும். மாட்ரிட்டிலிருந்து கோர்டோபாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது, அங்கிருந்து செவில் முக்கால் மணி நேரம். மே 15 மாட்ரிட்டின் காவல் புனிதரான சான் இசிட்ரோ திருநாள். அன்று நகரத்தார் பழைய காலத்து உடுப்பில், காதோரம் பூ வைத்து, மன்சனாரெஸ் ஆற்றங்கரைப் புல்வெளியில் குடும்பத்தோடு உட்கார்ந்து வட்ட வடிவ இனிப்பு சாப்பிடுவார்கள். டிக்கெட் கிடையாது. நீங்களும் ஒரு போர்வை விரித்து உட்காரலாம். அதே மாதத்தின் முதல் இரண்டு வாரம் கோர்டோபாவில் வீட்டு முற்றங்களின் திருவிழா. சுவரெல்லாம் பூந்தொட்டி தொங்கும் தங்கள் முற்றங்களை வீட்டுக்காரர்களே திறந்து விடுவார்கள், இதற்கும் காசில்லை. யுனெஸ்கோ 2012-ல் இதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. தேதியைச் சற்று இழுத்துப் பிடித்தால் இரண்டையும் பார்க்கலாம்: முதலில் கோர்டோபா, செவில், கிரனடா, முடிவில் மாட்ரிட். கோர்டோபாவில் மசூதியாகக் கட்டிப் பிறகு தேவாலயமாக மாற்றிய மசூதிக் கதீட்ரலில் ஞாயிறு தவிர்த்த நாட்களில் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை இலவசம், ஆனால் அந்த நேரத்தில் குழுக்களை விடமாட்டார்கள். பேக்கேஜ் பஸ்காரர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

மகளின் ஃபிளமெங்கோவுக்கு 'டின்னருடன் ஷோ' வேண்டவே வேண்டாம். சுமாரான சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, தட்டுச் சத்தத்துக்கு நடுவே ஆட்டம் பார்ப்பீர்கள். செவிலில் சாப்பாடு இல்லாமல் ஒரு மணி நேரம் மட்டும் நடக்கும் மாலைக் காட்சிகள் இருக்கின்றன. சிறிய அரங்கு, மைக் இல்லாத பாட்டு, முன்வரிசையில் உட்கார்ந்தால் பாடகரின் கழுத்து நரம்பு தெரியும். மாமியாரும் எட்டரைக்கு அறைக்குத் திரும்பிவிடலாம். அப்புறம், 'ஸ்பெயின் ஜல்லிக்கட்டு' என்று சொல்லி காளைச் சண்டை டிக்கெட்டையும் ஏஜென்டுகள் தலையில் கட்டுவார்கள். நம் வாடிவாசல் காளை மாலையில் வீட்டுக்குப் போய்விடும். அங்கே வழக்கமான சண்டையில் ஒவ்வொரு காளையையும் வாளால் கொல்வார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு அது தேவையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கிரனடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும், தேதி முடிவானதும் வாங்குங்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் டிக்கெட்டில் இருக்கும், வாசலில் சரிபார்ப்பார்கள். சிறுவனுக்கு இலவசம் என்றாலும் அவன் பெயரிலும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். இங்கே இடைத்தரகர் செய்யும் வேலை நுட்பமானது: தோட்டமும் கோட்டையும் மட்டும் உள்ள டிக்கெட்டை 'அல்ஹம்ப்ரா டிக்கெட்' என்று விற்றுவிடுவார். எல்லோரும் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற நஸ்ரித் அரண்மனைகள் அதில் இருக்காது. அந்த அரண்மனைகளுக்கு உங்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். ஊருக்குள் கதீட்ரல் பக்கம் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ரோஸ்மேரிக் கொத்தை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடங்கள். வாங்கினால் கைரேகை பார்ப்பார், பிறகு காசு கேட்டு விடமாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏஜென்ட் மூலமாகத்தான் போவேன் என்றால், பேக்கேஜ் விலையோடு சேர்த்து அவர் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய டி.சி.எஸ். வரி உங்கள் கணவரின் பான் எண்ணில் கட்டப்பட்டதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பாருங்கள். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டிய பணம். பலர் இதை ஏஜென்டுக்கே தானம் செய்துவிடுகிறார்கள்.

பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி அப்பளம் வைத்துக்கொள்ளலாம். நெய், பால்கோவா கூடாது, இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். மோர் மிளகாய் எந்தக் கணக்கில் வரும் என்று விமான நிலையத்தில் விவாதம் செய்ய உங்களுக்கு நேரமிருக்காது, அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.