மண் அணை நல்லா இருந்தும் ஹை ஹசார்ட் வந்தது ஏன்?

உங்க மண் அணையில விரிசல், கசிவு எதுவும் இல்ல, அப்புறம் ஏன் ஆய்வு ரிப்போர்ட்ல ஹை ஹசார்ட் (அதிக ஆபத்து வகை)னு போட்டாங்கன்னு கேக்குறீங்க. அப்படிப் போட்டதால உங்க அணைக்கரை மோசம்னு அர்த்தம் இல்லீங்க. ஒருவேளை உடைஞ்சா கீழ உயிர்ச்சேதம் வருமாங்கிறத வச்சு குடுக்கிற வகை அது. விரிசல், கசிவு எதுவும் இல்லன்னு சொல்றீங்கல்ல, அதெல்லாம் கண்டிஷன் ரேட்டிங்ல, அதாவது அணை இப்ப எந்த நிலைமையில இருக்குங்கிற மதிப்பீட்டுல வரும், அது தனி, ரிப்போர்ட்லயே வேற இடத்துல இருக்கும் பாருங்க.

முன்னாடி லோ ஹசார்ட்ல (குறைஞ்ச ஆபத்து வகை) இருந்து இப்ப ஏத்திட்டாங்கன்னா, பெரும்பாலும் அணைக்குக் கீழ ஓடையோரமா யாரோ புதுசா வீடு கட்டியிருப்பாங்க. அணைக்கரையில ஒரு கூடை மண்ணு கூட மாறாமலே வகை மாறிடும், கடுப்பாதான் இருக்கும்.

"சின்ன அணைதானே"ன்னு கேட்டா எடுபடாது. அமெரிக்காவுல ஜார்ஜியால 1977-ல உடைஞ்ச கெல்லி பார்ன்ஸ் மண் அணை 12 மீட்டர் கிட்டதான், 39 பேர் செத்தாங்க.

செய்ய வேண்டியது:

1. கரைக்குக் கீழ ஓடை வழியா நடந்து போங்க. எந்த வீட்டோட தரைமட்டம் ஓடையை ஒட்டி தாழ்வா இருக்கு, ரோடு எங்க குறுக்க போகுதுன்னு போட்டோவோட குறிச்சுக்குங்க.

2. எந்த வெள்ள மேப்பை (அணை உடைஞ்சா தண்ணி எங்கெல்லாம் போகும்னு காட்டுறது) வச்சு முடிவு பண்ணாங்கன்னு எழுதிக் கேளுங்க. பழைய, தோராயமான மேப்னா ஒரு இன்ஜினியர வச்சு திரும்ப கணக்கு போடச் சொல்லலாம், ஆனா வகை இறங்கும்னு கேரண்டி கிடையாது.

ஒண்ணு மட்டும், பயந்துபோய் தண்ணிய மளமளன்னு திறந்து விட்டுடாதீங்க. மட்டம் வேகமா இறங்குனா ஊறிப்போன உள்பக்க (தண்ணி நிக்கிற பக்க) கரைச் சரிவு சரிஞ்சு விழ வாய்ப்பிருக்கு. கரை அடியில கலங்கலா கசிஞ்சா மட்டும் காத்திருக்காம உடனே அதிகாரிக்கும் கீழ இருக்கிறவங்களுக்கும் சொல்லிடுங்க.